செம்புக்கும் சில்லுக்கும் நடுவில்

கல்லூரியில் நான் வெப்பவியல் நடத்தியவன். சூடு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது என்று ஓய்வுபெறும்வரை கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் சூட்டைக் கண்டு பிரமித்து நின்றது வகுப்பறையில் அல்ல, போன சித்திரையில் என் மருமகளின் மாடி அறையில். அந்த வியப்பை மட்டும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதோடு ஒட்டிக்கொண்டு நான் செய்த ஒரு காரியமும் கூடவே வருகிறது. பிரித்து எழுத முடியவில்லை. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. மகன் போர்வெல் வண்டியோடு வருடத்தில் பாதி நாள் வடக்கே இருப்பான். மருமகள் பொறியியல் படித்தவள். பெங்களூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்தாள். தொழில் இதுதான்: டேங்கர் லாரி வளைவில் திரும்பும்போது தொட்டிக்குள் இருக்கும் எண்ணெயோ பாலோ எந்தப் பக்கம் எவ்வளவு அலைபாயும், அதை அடக்கத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளை எங்கே வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. திரவம் ஒரே பக்கம் சாய்ந்தால் லாரியும் சாயும். நாமக்கல்லைச் சுற்றி லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் அத்தனை இருந்தும் இப்படிக் கணக்குக் கேட்டவர்கள் அதிகமில்லை. முதல் முறையாக ஒரு பட்டறைக்காரர் இறங்கி வந்திருந்தார்.

"பாக்கலாமுங்க அம்மிணி. ஆனா என்ற தகடு வந்துருச்சுன்னா நான் காத்துட்டு நிக்க மாட்டேன். அதுக்குள்ள சொன்னா உன்ற கணக்கு. இல்லீன்னா என்ற அப்பாரு காலத்துக் கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இது நடக்காவிட்டால் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்கே திரும்பிவிடுவது என்று மருமகள் முடிவு செய்திருந்தாள். என்னிடம் நேரில் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது.

கணக்கு நகரவில்லை. ஒரு வளைவில் லாரி திரும்புகிற சில நொடிகளைக் கணக்கிட அந்தக் கம்ப்யூட்டர் பகலெல்லாம் இரைந்தது. ஒரு மத்தியானம் என்னை மேலே கூப்பிட்டாள்.

"இதப் பாருங்க மாமா. சூடு ஏறுன ஒடனே அதுவாவே வேகத்தக் கொறைச்சுக்குது."

"ஏன் சாமி?"

"கருகிடக் கூடாதுன்னுதானுங்க."

திரையின் ஓரத்தில் பிராசசரின் சூடு எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குக் கிட்டத்தில் போய் நின்றது. அங்கே போனதும் வேகத்தைக் காட்டும் கோடு சரிந்தது. கணக்குப் போடும் அந்தப் பிராசசர் சில்லு எவ்வளவு பெரிது என்று கேட்டேன். தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். "இதவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதானுங்க."

நான் அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு சூடு வெளிவருவதை என் பாடத்தில் எங்கும் நடத்தியதில்லை. தொப்பூர் கணவாயில் எத்தனை லாரிகள் முன்மூடியைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்! அவ்வளவு பெரிய இன்ஜினுக்குத் தன் காய்ச்சல் தெரியாது. ஓட்டுகிறவன் பார்க்காவிட்டால் ஓடியே செத்துவிடும். நகமளவு உள்ள இது, தன் காய்ச்சலைத் தானே அளந்து, தானே நடையைத் தளர்த்திக்கொள்கிறது. உயிருள்ளது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் அந்தக் கணம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

பெட்டியைத் திறந்து காட்டினாள். சில்லின் மேல் கம்பெனிக்காரன் கூடவே கொடுத்த சின்னக் கூலர் ஒன்று இருந்தது. அலுமினியத் தகடுகளும் அதன்மேல் ஒரு காத்தாடியும்தான். தகடுகளுக்கு இடையில் பக்கத்துக் கோழிப்பண்ணையின் மெல்லிய இறகுத்தூசி அடைந்து கிடந்தது. துடைத்தும் பெரிய மாற்றமில்லை. எங்கள் ஊர்ச் சித்திரைக்கு அந்தக் கூலர் காணாது. புதிது வாங்க இரண்டு பேரும் சேலத்துக்குப் பேருந்தில் போனோம்.

வழியெல்லாம் வாக்குவாதம். உயரமான காற்றுக் கூலர்தான் வேண்டும் என்றாள். நான் தண்ணீர் ஓடும் கூலர்தான் வேண்டும் என்றேன். அப்படி ஒன்று இருப்பதை முதல் நாள்தான் போனில் பார்த்திருந்தேன். சில்லின் மேல் ஒரு மோட்டார், அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய், பெட்டியின் தலையில் ஒரு ரேடியேட்டர். ரேடியேட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பக்கபலம் கிடைத்துவிட்டது.

"ரேடியேட்டர் இல்லாத லாரிய உன்ற பட்டறைக்காரரு தொட்டுப் பாப்பாரா?"

"லாரி வெயில்ல ஓடுதுங்க மாமா. இது மேசைக்கடியில உக்காந்துட்டிருக்குது."

"உக்காந்துட்டிருந்தாலும் கொதிக்குதுல்ல?"

"தண்ணி கூலர்ல மோட்டாரு நின்னா சத்தமில்லாம நிக்குமுங்க. இதுல காத்தாடி நின்னா கண்ணுக்குத் தெரியும். நானே வேற மாட்டிக்குவேன். தூசி அடைஞ்சா பெயிண்ட் பிரஷ்ஷு போதும். நம்ம ஊட்டுக்கு இதுதானுங்க தோது."

ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்தக் கடையில் இரண்டையும் மேசைமேல் எடுத்து வைத்தார் கடைக்காரர். என் பேச்சையும் கேட்டார், அவள் பேச்சையும் கேட்டார். "ஐயா சொல்றதும் சரி, மேடம் சொல்றதும் சரி. ரெண்டையும் வாங்கிட்டுப் போனீங்கன்னா எனக்கு ரொம்பச் சரி" என்றார்.

மருமகள் சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துக் கூலரின் உயரத்தை அளந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் அகலத்தை வீட்டிலேயே அளந்து வைத்திருந்தாள். பக்கக் கதவு மூடுமா, பக்கத்தில் நிற்கும் மெமரி அட்டைகளில் காத்தாடி இடிக்குமா என்றெல்லாம் பார்த்தாள். பிறகு கூலரை என் பக்கம் திருப்பினாள். அடியில் கண்ணாடிபோல் மெருகேற்றிய செம்புத் தட்டு. அதிலிருந்து வளைந்து மேலே ஏறும் செம்புக் குழாய்கள். குழாய்களில் கோத்த மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக.

"இந்தக் கொழாய்க்குள்ள என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க மாமா?"

"என்ன இருக்கும், கெட்டிச் செம்புதான்."

"தண்ணிதானுங்க. கொஞ்சூண்டு. காத்த உறிஞ்சி எடுத்துட்டு, தண்ணியோட அடைச்சுருக்காங்க."

அவள் விளக்கத் தொடங்கும் முன்பே மீதி எனக்குப் புரிந்துவிட்டது. காற்றில்லாத குழாயில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். அடியில் ஆவியாகி, சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஓடும். மேலே தகடுகளுக்கு நடுவில் குளிர்ந்து நீராகும், சூட்டை அங்கே விடும். பிறகு விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, குழாயின் உட்சுவரில் பொதிந்த செம்புத்தூள் அந்த நீரை உறிஞ்சி அடிக்குக் கொண்டுவரும். மறுபடி ஆவி, மறுபடி நீர். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, ஆடுகிற பாகம் ஒன்றுகூட இல்லை. கடலில் ஆவியாகி மலையில் பெய்து ஆறாகத் திரும்புகிற சுற்று முழுவதையும் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத குழாய்க்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளுறை வெப்பம் என்று வருடா வருடம் நான் நடத்திய பாடம் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கெட்டிச் செம்பு என்று சொல்லியிருக்கிறேன்.

"அப்ப ரெண்டுலயும் தண்ணிதான்" என்றேன்.

"ஆமாங்க. நீங்களும் செயிச்சீங்க, நானும் செயிச்சேன்."

அவள் அதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னாள். எனக்கு மட்டும் தோற்றதுபோல இருந்தது. அந்த நினைப்போடுதான் வீடு திரும்பினேன்.

மாடியில் பெட்டியைத் திறந்து பழைய கூலரைக் கழற்றி, சூட்டைக் கடத்துவதற்காகச் சில்லின் மேல் பூசிக் காய்ந்திருந்த பசையைத் துணியால் சுத்தமாகத் துடைத்து வைத்தாள். அதற்குள் பட்டறைக்காரரின் போன் வந்தது. மாடியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். "பேசிட்டு வந்தர்றேனுங்க மாமா. வந்து ரெண்டு பேருமா மாட்டிக்கலாம்" என்று கீழே இறங்கிப் போனாள்.

நான் காத்திருக்கவில்லை. ராகுகாலம் நெருங்குகிறது என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். கடையில் தோற்றவன் வீட்டில் கைவரிசையையாவது காட்ட நினைத்தேன் என்பதுதான் உண்மை. கூலரை எடுத்துத் திருப்பினேன். மெருகேற்றிய அந்தச் செம்புத் தட்டின்மேல் வெங்காயச் சருகைவிட மெல்லியதாக ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. பொருத்தும் முன் உரித்துவிடவும் என்று அதில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. கண்ணாடி போட்டிருந்தேன். படித்தேன்.

எங்கள் பக்கத்துக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதுப் பொருளின் தாளை உரிக்க மாட்டோம். லாரி வாங்கினால் சீட்டின் பாலித்தீன் தானாகக் கிழிந்து தொங்கும்வரை அப்படியே ஓட்டுவோம். என் வீட்டு பிரிட்ஜின் கதவில் இன்னும் நீலத் தாள் இருந்தது. டிவி ரிமோட் உறையோடு இருந்தது. "இவர விட்டா என்ற கல்யாணச் சீலையும் கவரோடதான் கட்டச் சொல்லியிருப்பாரு" என்று என் மனைவி கேலி செய்வாள். தாள் இருக்கும்வரை பொருள் புதிது. இதையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். முகம் பார்க்கலாம் போலிருந்த தட்டில் சாம்பல் நிறப் பசையை யாராவது அப்புவார்களா? இவ்வளவு மெல்லிய தாள் என்ன செய்துவிடப் போகிறது?

இதற்கும் அடியில் இன்னொரு நினைப்பு இருந்தது. இது சரிப்படாமல் போனால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் சொன்னதை வாங்கலாம். அப்போது தட்டு அழுக்காகாமல் இருக்க வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. தோற்றால் வசதியாக இருக்கட்டும் என்று இடம் மட்டும் விட்டு வைத்தேன். சில்லின் மேல் ஒரு கடலை அளவு பசையை வைத்து, தாளோடு கூலரை அழுத்தி, திருகுகளை முடுக்கிவிட்டேன்.

அவள் மேலே வந்தபோது காத்தாடியின் ஒயரையும் சொருகியிருந்தேன்.

"அதுக்குள்ள மாட்டிட்டீங்களா? எல்லாம் பாத்து மாட்டுனீங்கல்லங்க?"

"வெப்பம் நடத்துன வாத்தியாருகிட்டயே கேக்கறயா?"

சிரித்துவிட்டாள். என்னை நம்பினாள்.

அன்று மாலை கம்ப்யூட்டர் முன்னைவிட மோசமாக நடந்தது. கணக்கைத் தொடங்கிய உடனே சூட்டு எண் உச்சிக்குத் தாவியது, வேகக்கோடு தரைக்கு இறங்கியது. திருகுகளைச் சரிபார்த்தாள். காத்தாடியை முழு வேகத்தில் விட்டாள். பெட்டியின் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலை நான் காபியோடு மேலே போனபோது பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"மாமா, இங்க தொட்டுப் பாருங்க. சில்லு கொதிக்குது. பைப்பு ஜில்லுன்னு இருக்குது."

தொட்டேன். செம்புக் குழாய் ஜில்லென்று இருந்தது.

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. சூடு குழாய்வரை வரவே இல்லை. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவில் சூடு கடத்தாத மெல்லிய ஏடு ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று வருடம் தவறாமல் பரீட்சையில் கேட்டவன் நான். ஏடு எவ்வளவு மெல்லியதானாலும் தகடுகளின் கனத்தை எல்லாம் அது தோற்கடித்துவிடும் என்று எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டவன். கடலும் மழையும் ஆறும் போல ஓட வேண்டிய அந்தச் சுற்று, வெங்காயச் சருகுபோன்ற ஒன்றுக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. அந்தத் தவிப்பிலும் எனக்கு ஒரு வியப்பு ஓடியதைச் சொல்ல வேண்டும்: இவ்வளவு சின்னதா இவ்வளவு பெரியதைத் தடுக்கும்?

"பைப்புக்குள்ள தண்ணி வத்திப் போச்சோ என்னவோங்க. மட்டமான பீஸா வந்துருச்சு போல. நீங்க சொன்னதயே வாங்கியிருக்கலாம் மாமா. நான்தான் கேக்கல."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு.

"அப்பவே சொன்னேன்ல."

கடைக்காரருக்குப் போன் போட்டாள். மாற்றித் தருவதாகச் சொன்னார். ஆனால் புதிது வர நாலைந்து நாள் ஆகும் என்றார். போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கீழே வந்துவிட்டேன். தாளை உரிக்கவில்லை என்று சொல்வது எளிது. சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டுத்தான் உரிக்கவில்லை என்று சொல்வது கடினம். "அப்பவே சொன்னேன்" என்று சொன்ன பிறகு அது இன்னும் கடினமாகிவிட்டது. சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து என் மனைவி, "ஏனுங்க, கம்ப்யூட்டருக்குக் காச்சல் வந்தா உங்களுக்கும் வந்துருமா?" என்றாள்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் பட்டறைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். வாசலில் வேப்ப நிழலில் நின்றபடியே மோரை வாங்கிக் குடித்தார்.

"தகடு வந்துருச்சுங்க அம்மிணி. நாளைக்குக் காலைல அறுக்கறோம். உன்ற கம்ப்யூட்டரு என்ன சொல்லுச்சு?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "பழையபடியே அறுத்துக்குங்கண்ணா. மெசினு ஒத்துழைக்கல. நான் கூலரத் தப்பாத் தேர்ந்தெடுத்துட்டேன். பெங்களூர்ல திரும்பக் கூப்பிடறாங்க, போயிர்லாம்னு இருக்கறேன்."

குரல் தழுதழுக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. செய்யாத தப்பை, அடுத்தவர் வீட்டு ஆளிடம், இவ்வளவு சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறாள்.

"தகட்ட அறுக்காதீங்க" என்றேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அம்மிணி, கூலர்ல குத்தமில்ல. அடியில ஒட்டியிருந்த தாள நான் உரிக்காம மாட்டிட்டேன்."

பட்டறைக்காரருக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் மோர் புரையேறும்படி சிரித்தார். "ஏனுங்க வாத்தியாரய்யா, எங்க டிரைவரு சீட்டுத் தாள உரிக்க மாட்டான். வேர்க்கறது அவன் முதுகுதான். நீங்க கம்ப்யூட்டருக்கே சீட்டு கவர் போட்டு உட்டுட்டீங்களே!"

மருமகள் சிரிக்கவில்லை. படியேறிப் போனாள். நானும் பின்னால் போனேன். திருகுகளைக் கழற்றிக் கூலரைத் தூக்கினாள். பசை தோய்ந்த தாள் தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஓரத்தில் சிவப்பு எழுத்துகள் அப்படியே படிக்கிற மாதிரி இருந்தன. நகத்தால் ஒரு முனையைப் பிடித்து உரித்தாள். அடியில் செம்பு பளபளத்தது.

"எப்பருந்து தெரியுமுங்க மாமா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது.

"உரிக்கச் சொல்லி எழுதியிருந்தத மாட்டறப்பவே படிச்சேன். குத்தம் அதுதான்னு, பைப்பு ஜில்லுன்னு இருக்குதுன்னு நீ சொன்னப்பவே தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. துணியை எடுத்துப் பழைய பசையைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். சில்லின் மேல் பசை எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "போன் லைட்டப் புடிங்க" என்றாள். மாமா என்று சேர்க்கவில்லை. பிடித்தேன். புதுப் பசையை வைத்தாள். கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் மூலைத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்கினாள். வெளிச்சம் ஆடியபோது, "ஆட்டாதீங்க" என்றாள். அன்று அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம்வரை வேறு வேலை பார்ப்பதாகப் பட்டறைக்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கணக்கு இரவெல்லாம் ஓடியிருக்கிறது. மறுநாள் பொழுது சாய்வதற்கு முன்பு மாடியிலிருந்து குரல் கேட்டது. "மாமா, மேல வாரீங்களா?"

திரையில் ஒரு தொட்டி. அதன் சுவர் கண்ணாடிபோல் தெரிந்தது. உள்ளே நீல நிறத்தில் திரவம் அசையாமல் நின்றது. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். லாரி வளைவில் திரும்பத் தொடங்கியதும் திரவம் ஒரு பக்கமாக எழுந்தது. சுவரில் ஏறியது. மேலே மடிந்து ஒரு நாக்கை நீட்டியது. அடுத்த கணம் தொட்டியே கவிழும் என்று நான் நாற்காலியின் கையைப் பற்றினேன். அலை போய்த் தடுப்புத் தகட்டில் மோதி, இரண்டாக உடைந்து, வலுவிழந்து கீழே விழுந்தது. லாரி வளைவைக் கடந்துவிட்டது. இன்னும் கட்டாத ஒரு தொட்டியில், இன்னும் ஊற்றாத எண்ணெய் எப்படி எழும் எப்படி விழும் என்று, ஒரு நகமளவு சில்லு முன்கூட்டியே கண்டு சொல்லியிருக்கிறது. அந்தச் சில்லை இரண்டு நாள் மூச்சுத் திணற வைத்தவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தகட்ட அவரு நெனச்ச எடத்துல இருந்து தள்ளி வெக்கோணுமுங்க. போன்ல சொல்லிட்டேன். செரின்னுட்டாரு. பெங்களூர்க்காரங்களுக்கும் வரலீன்னு சொல்லிட்டேன்."

மேசைக்கடியில் குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். சூடான காற்று கையில் மோதியது. செம்புத் தட்டு வாங்கி, குழாய்க்குள் தண்ணீர் ஏற்றி, தகடுகள் உதறிவிட்ட சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை.

"தெரிஞ்ச ஒடனே சொல்லியிருக்கலாமுங்க மாமா" என்றாள் திரையைப் பார்த்துக்கொண்டே.

"சொல்லியிருக்கோணும் சாமி."

அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள். அலை மறுபடி எழுந்தது. நான் கையை அந்தச் சூட்டிலேயே வைத்திருந்தேன்.